பீங்கான் நகரத்துச் சுவாமியார்

நம்முடைய வீடுகளில் அலுமாரியின் மேல் தட்டிலே நாலைந்து பீங்கான்கள் தனியே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அன்றாடச் சோற்றுக்கு அவை இறங்குவதில்லை. நத்தாருக்கும் பாஸ்காவுக்கும் இறங்கும். கலியாணப் பேச்சுக்கு ஆட்கள் வந்தால் இறங்கும். சுவாமியார் வீடு மந்திரிக்க வந்தால் இறங்கும். பிள்ளைகள் தொட்டால் அதட்டு விழும். இந்த மரியாதை அந்த வெண்மைக்கு எங்கிருந்து வந்தது?

திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்தில் வாழும் நமக்குச் சீனம் என்ற சொல் புதிதல்ல. துறைமுகத்தின் ஒரு பக்கத்துக்கே சீனக்குடா என்று பெயர். சீனக் கப்பல்கள் இத்தீவுக்கு வந்துபோன காலம் மிகப் பழையது. 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டு, காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டொன்று சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டுள்ளது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய கல் அது. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் 1977இல் மண்ணைத் தோண்டியபோது எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சீனக் கலங்களின் ஓடுகள் குவியலாய்க் கிடைத்தன. பிற்காலத்தில் ஒல்லாந்தக் கம்பனியார் சீனப் பீங்கானை இலட்சக் கணக்கில் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார்கள்.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது மட்டும் நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரியாதிருந்தது. அதைத் தன் கண்ணால் கண்டு எழுதி வைத்தவர் ஒரு வியாபாரியல்லர், ஒற்றனாய் அனுப்பப்பட்டவருமல்லர். பங்கு விசாரணைக்காகப் படகில் போய் வந்த ஒரு யேசு சபைக் குரு. அவர் பெயர் பிரான்சுவா சவேரியார் தாந்த்ரெகோல்.

அவர் பிரான்ஸ் தேசத்தில் 1664ஆம் ஆண்டு பிறந்தார். பதினெட்டு வயதில், 1682இல், யேசு சபையிற் சேர்ந்தார். அந்த நூற்றாண்டு முடியுந் தறுவாயில் சீனாவுக்குச் சென்ற பிரெஞ்சுக் குருக்களோடு அவரும் போனார். அப்போது சீனாவை ஆண்டவர் காங்சி பேரரசர். 1692இல் அவர் பிறப்பித்த கட்டளையின் பேரில் கிறிஸ்தவர்கள் தம் வேதத்தைத் தடையின்றி அனுசரிக்க முடிந்தது. பீக்கிங் அரண்மனையிலே வான சாஸ்திரம் வல்ல குருக்கள் இருந்தார்கள். தாந்த்ரெகோல் அடிகளுக்கோ அரண்மனை கிடைக்கவில்லை. தென்சீனத்தில் ஜியாங்சி மாகாணத்து ராவ்ஜோ என்ற ஊர் கிடைத்தது. அங்கே சீன மொழி படித்தார். சீனப் பெயரும் ஏற்றார். யின் ஹொங்சு என்றே அந்நாட்டார் அவரை அழைத்தார்கள். 1706 முதல் 1719 வரை சீனாவிலிருந்த பிரெஞ்சு யேசு சபையினருக்கு அவரே தலைவராகவும் இருந்தார்.

ராவ்ஜோவிலிருந்து ஆற்று வழியே மேலேறினால் வரும் பெரும் பட்டினம் ஜிங்தெசென். 1004ஆம் ஆண்டளவில் ஆண்ட பேரரசர் தம் ஆட்சிக்காலத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். சீன அரசர்கள் உண்ணும் கலங்கள் அங்கேதான் வனையப்பட்டன. அந்தப் பட்டினத்தில் அடிகளுக்கு ஒரு கோயிலும் ஒரு சிறு கிறிஸ்தவ மந்தையும் இருந்தன. மந்தையில் பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளர். சிலர் பீங்கான் வியாபாரிகள். அவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் பூசை வைக்கவும் அவர் அவ்வப்போது போய்த் தங்கினார். அப்படிப் போனபோது கண்டதும் கேட்டதுமே பிற்பாடு உலகம் அறிந்த கடிதங்களாயின.

அவரோடு நாமும் ஒருமுறை அந்தப் பட்டினத்துக்குப் போய் வருவோம்.

படகு ஆற்று வளைவைக் கடக்கும்போது பகலென்றால் நாலா பக்கமும் புகையும் நெருப்பும் எழும்புவது தெரியும். அதைக் கொண்டே ஊரின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்துவிடலாம். இரவென்றால் ஊர் முழுவதும் தீப்பற்றி எரிவது போலிருக்கும். அல்லது பல வாய்கள் திறந்த ஒரே பெருஞ்சூளை போலிருக்கும். அவர் கேள்விப்பட்ட கணக்கின்படி சூளைகள் மூவாயிரம். முற்காலத்தில் முந்நூறே இருந்தனவாம். மக்கள் பத்து இலட்சத்துக்கு மேல் என்று ஊரார் சொன்னார்கள். நாளொன்றுக்குப் பதினாயிரம் சுமை அரிசியும் ஆயிரம் பன்றிக்கு மேலும் அங்கே செலவாகும் என்றார்கள். ஊரார் சொல்லும் கணக்கில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும். ஆனாலும் பெரிய பட்டினம் என்பதில் ஐயமில்லை.

இத்தனை பெரிய ஊருக்கு மதிலில்லை. கட்டுக் காவல் மட்டும் கடுமை. தெருவுக்குத் தெரு தலைவர்கள் இருந்தார்கள். இரவில் தெருத் தடுப்புகள் அடைக்கப்படும். அந்நியர் எவரும் ஊருக்குள் இராத் தங்கக் கூடாது. படகிலே படுக்க வேண்டும். அல்லது அவருக்காகப் பிணை நிற்கும் தெரிந்தவர் வீட்டில் படுக்க வேண்டும். ஆகவே அடிகளுக்கு அந்த ஊரில் இடம் கொடுத்தது அவருடைய கிறிஸ்தவர்கள் அவர்மேல் வைத்த நம்பிக்கைதான். இதைப் பின்னால் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிழைப்புத் தேடி ஏழைகள் பல இடங்களிலிருந்தும் அங்கே திரண்டார்கள். சிறுவருக்கும் வலுவில்லாதவருக்கும் கூட வேலையிருந்தது. குருடரும் முடவரும் உட்கார்ந்தபடியே வர்ணக் கற்களை அரைத்து வயிறு வளர்த்தார்கள். அதே ஊரின் ஓரத்தில், மலையடிவாரத்திலே, புதைக்கக் காசில்லாத ஏழைகளின் உடல்களைப் போடும் பெருங்குழியும் இருந்தது. கொள்ளை நோய்க் காலங்களில் அதில் சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். அரசர் உண்ணும் பாத்திரத்தைப் பற்றி எழுத வந்த அடிகள் அந்தக் குழியையும் எழுதாமல் விடவில்லை.

இனித் தொழிலைப் பார்ப்போம். பீங்கானுக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, மலையிலிருந்து வெட்டும் ஒருவகை வெண்பாறை. ஓடும் தண்ணீரால் இயங்கும் உலக்கைகள் அதை இரவு பகலாய் இடித்து மாவாக்கும். மாவைத் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கும் திப்பியை நீக்கி, மேலே மிதக்கும் மென்மையைத் தெளியவைத்துச் சிறு செங்கல்லாக வார்ப்பார்கள். இதற்குச் சீனர் வைத்த பெயருக்கு வெள்ளைச் சிறு கட்டி என்றுதான் பொருள். மற்றது ஒரு வெண்களி. ஊருக்கு அருகிலுள்ள கவோலிங் என்ற மலையில் அது வெட்டப்பட்டது. உயர்ந்த மேடு என்பது அப்பெயரின் பொருள். நாம் இன்று கயோலின் என்று சொல்வது அந்த மலையின் பெயரே. பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் நம் நாட்டில் தோண்டப்படும் வெண்களிக்கும் ஒரு சீன மலைதான் பெயர் கொடுத்திருக்கிறது.

பாறை மாவு நெருப்பில் உருகிக் கண்ணாடி போலாகும். வெண்களியோ உருகாமல் நின்று உருவத்தைத் தாங்கும். ஒன்று தசை, மற்றது எலும்பு. ஐரோப்பியர் சிலர் கட்டிகளை மட்டும் வாங்கிக் கொண்டுபோய்த் தம் ஊரிலே வனைந்து பார்த்துத் தோற்றார்களாம். எலும்பில்லாமல் உடம்பு செய்யப் பார்த்தார்கள் என்று ஒரு சீன வியாபாரி அடிகளிடம் சொல்லிச் சிரித்தாராம். உயர்ந்த பீங்கானுக்கு இரண்டும் சம பங்கு. தரம் குறையக் குறைய வெண்களியின் பங்கும் குறையும். மெருகுப் பூச்சுக்கு அதே பாறை மாவோடு சுண்ணாம்பையும் பன்னச் செடியின் சாம்பலையும் கலந்தார்கள்.

இரண்டையும் கலந்த களியைக் காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். அது மிகக் கடுமையான வேலை. அந்த வேலையிலிருந்த கிறிஸ்தவர்களைப் பற்றி அடிகள் குறித்திருப்பது நம் நெஞ்சைத் தொடுவது. மிதிப்பவன் நின்றால் வனைபவனும் நிற்பான், அவனோடு பின்னால் வரும் அத்தனை பேரும் நிற்பார்கள். ஆகையால் கோயிலுக்குப் போவதானால் தன் இடத்தில் வேறொருவனை நிறுத்திவிட்டே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வர ஒரு மாற்றாளைத் தேடி அலைந்திருக்கக்கூடிய அந்த மனிதர்களை, கப்பலில் மூட்டை ஏற்றும் முறைக்கும் கடலுக்குப் போகும் முறைக்கும் பழகிய நம் துறைமுகத்துக் குடும்பங்கள் விளங்கிக்கொள்ளும்.

வனைந்த கோப்பை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். விளிம்பில் வர்ண வளையம் போடுபவர் ஒருவர். பூவின் கோடு வரைபவர் வேறொருவர். அதற்கு நிறம் தீட்டுபவர் இன்னொருவர். மலையும் நீரும் ஒருவருக்கு, பறவையும் மிருகமும் மற்றொருவருக்கு. சூளைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு கோப்பை எழுபது கைகளைக் கடப்பதாக அடிகள் கணக்கிட்டார். சுடாத பாத்திரங்களை நீண்ட பலகைகளில் நிரைத்துத் தோளில் சுமந்து, சனம் நிறைந்த தெருவிலே ஒன்றும் விழாமல் நடப்பவர்களைக் கண்டு அவர் வியந்து போனார்.

கடைசியில் நெருப்பு. ஒவ்வொன்றையும் மண்பெட்டியில் வைத்து அடுக்கிச் சூளை வாயை அடைத்துவிட்டால், உள்ளே நடப்பது மனிதன் கையில் இல்லை. ஒரு நெருப்புப் பிசகினால் சூளை முழுவதும் உருகிக் கட்டியாகிவிடும். இத்தொழிலில் ஒருவன் பணக்காரனானால் நூறு பேர் அழிந்து போகிறார்கள் என்று அவர் எழுதினார். ஐரோப்பாவிலிருந்து வந்த வினோதமான மாதிரிகளின்படி செய்தவை பழுதாகிவிட்டால் சீனர் வாங்கமாட்டார்கள். அந்த நட்டமும் நல்லவற்றின் விலையிலே ஏறியது.

சூளைத் தொழிலாளர் வணங்கும் ஒரு தெய்வத்தின் கதையையும் அவர் கேட்டறிந்தார். முன்னொரு காலத்தில் அரண்மனையிலிருந்து செய்யவே முடியாத ஒரு மாதிரி வந்ததாம். முடியாது என்ற தொழிலாளரை அதிகாரிகள் அடித்தார்கள். அடி பொறுக்காத ஒருவன் எரியும் சூளைக்குள் பாய்ந்தான். அன்று வெளிவந்த பீங்கான் அரசர் விரும்பியபடியே அழகாய் இருந்ததாம். சீன மரபு அவன் பெயரைத் தோங் பின் என்கிறது. அடிகள் இதை அஞ்ஞானக் கதையாகவே எழுதினார். ஆனால் இதில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை அவருடைய கிறிஸ்தவர்களே அவருக்குக் காட்டினார்கள்.

நடந்தது இது. ஐரோப்பாவிலிருந்து புதுமையான மாதிரிகளை வரவழைத்துத் தரும்படி அதிகாரிகள் அடிகளிடம் கேட்டார்கள். பேரரசருக்கு அபூர்வமாய் ஏதாவது சமர்ப்பிக்க அவர்களுக்கு ஆசை. அடிகள் அதைச் செய்திருந்தால் அவருக்கும் வேதத்துக்கும் அதிகாரிகளின் தயவு பெருகியிருக்கும். வேதபோதகர்கள் தயவுக்காகக் கடிகாரமும் கண்ணாடியும் கொடுத்த காலம் அது. கிறிஸ்தவத் தொழிலாளரோ அவரிடம் வந்து, அப்படி ஒன்றையும் வரவழைக்க வேண்டாமென்று கெஞ்சினார்கள். முடியாது என்று சொன்னால் வியாபாரி விட்டுவிடுவான், அதிகாரி விடமாட்டான், மாதிரி கைவிடப்படுமுன் தங்கள் முதுகில் எத்தனையோ பிரம்படி விழுந்திருக்கும் என்றார்கள். ஒரு படத்தாள் கப்பலில் வருவதால் ஏழைகளின் முதுகு உரிபடக்கூடும் என்பதை ஐரோப்பாவில் எவரும் அறியமாட்டார்கள். அடிகள் அதை மறைக்காமல் எழுதினார்.

1712ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி, ராவ்ஜோவிலிருந்து, சீன, இந்திய வேதபோதக அலுவல்களைப் பிரான்சில் கவனித்துவந்த ஓரி அடிகளுக்கு அவர் தம் முதற் கடிதத்தை எழுதினார். தாம் கண்டது, கிறிஸ்தவத் தொழிலாளரும் வியாபாரிகளும் சொன்னது, சீன நூல்களிற் படித்தது மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தே எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1722 ஜனவரி 25இல், ஜிங்தெசென்னிலிருந்தே இரண்டாங் கடிதம் எழுதி, முன்பு விட்டதைச் சேர்த்தார். அவை பாரிசில் அச்சாகி ஐரோப்பா எங்கும் வாசிக்கப்பட்டன.

ஐரோப்பாவில் அப்போது பீங்கான் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. சாக்சனி தேசத்து அரசர் அகஸ்டஸ், 1717இல் பிரஷ்ய அரசருக்கு அறுநூறு போர்வீரரைக் கொடுத்து 151 பீங்கான் பாத்திரங்களை வாங்கினார். மனிதரைக் கொடுத்து மண்பாத்திரம் வாங்கிய பேரம்! அதே அரசரின் காவலில் அடைபட்டிருந்த பொட்கர் என்பவர், 1708 அளவிலே தம் முயற்சியால் பீங்கான் செய்யும் வழியைக் கண்டிருந்தார். 1710இல் மைசென் நகரில் தொழிற்சாலை எழுந்தது. அங்கே அந்த இரகசியம் பூட்டிக் காக்கப்பட்டது. ஆகவே ஐரோப்பாவுக்குப் பீங்கானைக் கொடுத்தவர் தாந்த்ரெகோல் அடிகளே என்று சிலர் எழுதுவது சரியல்ல. காசு கொடுத்துப் புத்தகம் வாங்கிய எவரும் படிக்கும்படி அதை முதலில் விவரித்தவர் அவர்.

இதனாலேயே இன்று அவரைத் தொழில் இரகசியம் திருடிய ஒற்றர் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை நாம் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. பிணை நின்றவர்களின் வீட்டில் தங்கி, அவர்கள் வாயால் கேட்டதை அவர் எழுதினார். அவர் கேட்டதற்கு நோக்கம், இவ்விவரம் ஐரோப்பாவுக்குப் பயன்படும் என்பதே. அதை அவர் ஒளிக்கவுமில்லை. ஆனால் பயன் யாருக்குப் போயிற்று? களி மிதித்தவனுக்குப் போகவில்லை. சீனப் பீங்கான் ஐரோப்பாவில் விலையிழந்த நாளில் அந்த நட்டம் அவனுடைய பேரப்பிள்ளைகளின் சட்டியிலே தெரிந்திருக்கும். மறுபக்கமும் உண்டு. அவர் ஒரு காசும் வாங்கவில்லை. இரகசியத்தை ஓர் அரசருக்கு விற்கவில்லை. அச்சிட்டு எல்லாருக்கும் திறந்து வைத்தார். அந்தத் தொழிலாளரின் கஷ்டத்தை எழுதிய முதல் ஐரோப்பியரும் அவரே. எம் அபிப்பிராயத்தில் அவரை ஒற்றர் என்பது அநியாயம். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதும் அவசரம்.

நம் தமிழ்நாட்டுக் கரையிலும் இது போன்ற ஒன்று நடந்தது. கேர்தூ என்ற பிரெஞ்சு யேசு சபைக் குரு, சோழமண்டலக் கரையிலே பருத்தித் துணிக்குச் சாயமேற்றி ஓவியம் தீட்டும் முறையைத் தம் ஞானஸ்நானப் பிள்ளைகளிடம் கேட்டறிந்து 1742இல் கடிதமாக எழுதினார். சீனக் கடிதங்கள் வெளிவந்த அதே நூல் வரிசையில் அதுவும் வந்தது. சேலைக்குச் சாயமிட்ட நம்மவர்களும் கோப்பைக்கு மெருகிட்ட சீனரும் ஒரே புத்தகத் தட்டில் அருகருகே இருக்கிறார்கள்.

இரண்டாங் கடிதம் எழுதப்பட்ட வேளையில் சீனத் திருச்சபையின்மேல் இருள் கவிந்துவிட்டது. முன்னோருக்கும் கன்பூசியசுக்கும் சீனர் செய்யும் வணக்கத்தைக் கிறிஸ்தவர்கள் செய்யலாமா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்து, 1715இல் பாப்பரசர் பதினோராம் கிளமென்ட் அவற்றைத் தடுத்து ஆணை விடுத்தார். காங்சி பேரரசர் சினங்கொண்டார். அவருடைய மகன் யொங்ஜெங் 1724இல் கிறிஸ்தவ வேதத்தையே தடைசெய்தார். அரண்மனை வேலைக்கு வேண்டிய குருக்கள் மட்டும் பீக்கிங்கில் தங்கலாம். மற்றவர்கள் மாகாணங்களை விட்டுப் போக வேண்டும். கோயில்கள் பறிக்கப்பட்டன. அந்தத் தடைகளைப் பெருமளவு தளர்த்திய உரோமையின் தீர்ப்பு 1939இலேதான் வந்தது.

தாந்த்ரெகோல் அடிகள் அப்போது பீக்கிங்கில் பிரெஞ்சுக் குருக்களின் இல்லத் தலைவராய் இருந்தார். ஜிங்தெசென்னுக்குத் திரும்ப வழியில்லை. கோயிலுக்கு வர மாற்றாள் தேடியவர்கள், இப்போது தேடினாலும் வருவதற்குக் கோயிலும் இல்லை, குருவும் இல்லை என்ற நிலைக்கு வந்தார்கள். அடிகள் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. பட்டுப்புழு வளர்ப்பது பற்றியும், செயற்கைப் பூச் செய்வது பற்றியும் எழுதினார். 1726இல், அம்மைப் பொருக்கைப் பக்குவப்படுத்தி மூக்கினுள் ஏற்றிப் பெரியம்மையைத் தடுக்கும் சீன முறையை விளக்கமாக எழுதி அனுப்பினார். ஜென்னர் என்ற ஆங்கில வைத்தியர் பசு அம்மையைக் கொண்டு தடுப்பூசி கண்டதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் இது. சீனாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1741இல், எழுபத்தேழு வயதளவில், பீக்கிங்கிலேயே இறந்தார்.

கடிதங்கள் அவருக்குப் பின்னும் வேலை செய்தன. இங்கிலாந்தில் குக்வர்தி என்ற மருந்து வியாபாரி அவற்றின் விவரத்தைப் படித்துவிட்டு, கோர்ன்வால் பகுதியிலே வெண்களியையும் பாறையையும் தேடிக் கண்டுபிடித்தார். 1768இல் பீங்கான் செய்யும் உரிமைப் பத்திரமும் பெற்றார். பிரான்சிலே அடிகள் அனுப்பிய மாதிரிகளை விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து, அதே மண்ணுக்காகத் தேசமெங்கும் தேடிக்கொண்டிருந்தார்கள். 1768 அளவிலே லிமோஜ் நகருக்குத் தெற்கேயுள்ள சென்-இரியே என்ற சிற்றூரில் அது அகப்பட்டது. கண்டவர் விஞ்ஞானி அல்லர். ஊர் வைத்தியர் ஒருவரின் மனைவி, பள்ளமொன்றில் கிடந்த வழுவழுப்பான வெள்ளை மண்ணைச் சவர்க்காரத்துக்குப் பதிலாகத் துணி தோய்க்க எடுத்துவந்து வைத்திருந்தாள்.